நந்தாவிளக்கின் கணக்கு

பஞ்சபூத ஸ்தலங்களில் தேயுவுக்கு உரியதென்று சைவர்கள் போற்றுகின்ற திருவண்ணாமலையில் நெருப்பைப் பற்றிய பேச்சு புராணத்தில் தொடங்கிப் புராணத்திலேயே முடிந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அருணாசலேசுவரர் கோயிற் சுவர்களில் உள்ள சோழர் காலத்துச் சாசனங்களைச் சற்றுப் பொறுமையோடு வாசிப்பவருக்கு, ஜோதியின் தத்துவம் அங்கே அதிகம் பேசப்படவில்லை என்பதும், ஜோதிக்கு வேண்டிய நெய்யின் கணக்கே திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது என்பதும் புலப்படும். விளக்கு வைத்தவர் யார், அதற்காக எத்தனை ஆடு விட்டார், அவை யார் வசம் ஒப்படைக்கப்பட்டன, நாளொன்றுக்கு எவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் கல்லில் வெட்டி வைத்தவர்கள், எரிபொருள் நிர்வாகம் என்று நாம் இன்று சொல்லுகிற விஷயத்தைத் தங்கள் முறையில் நன்றாக அறிந்தவர்களே. வருங்கால மின்சாரத் தேவைக்கு அணுசக்தியை நம்புவதா, காற்றையும் வெயிலையும் நம்புவதா என்று தமிழ்நாட்டில் நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் விவாதத்தில் இந்தப் பழைய கணக்கர்களுக்கும் ஒரு சாட்சிக் கூண்டு ஒதுக்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டிய நந்தாவிளக்கு ஒன்றுக்குச் சோழ நாட்டில் 96 ஆடுகளும், தொண்டைநாட்டுப் பக்கத்தில் பெரும்பாலும் 90 ஆடுகளும் நிபந்தமாக விடப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்தில் வகுத்த ஏற்பாட்டின்படி, 96 ஆட்டுக்கு 48 பசுக்கள் ஈடு. 16 எருமைகள் ஈடு. எதைப் பெற்றுக்கொண்டாலும் இடையன் தினந்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவன். மந்தையில் கிழடு தட்டியதும் செத்ததும் போக, ஈன்ற குட்டிகளைக் கொண்டு தொகையை நிரப்பி, கொடுத்த எண்ணிக்கை என்றும் குறையாதபடி பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. சாவா மூவாப் பேராடு என்று சாசனங்கள் சொல்லுவது இந்த ஏற்பாட்டைத்தான். முதல் அப்படியே நிற்க, அதன் பலன் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெயிலைப் புல் வாங்குகிறது, புல்லை ஆடு வாங்குகிறது, ஆட்டின் பாலை மனிதன் கடைந்து காய்ச்சி நெய்யாக்குகிறான். மழை தப்பிய கோடையில் மடி வற்றினாலும் கோயில் விளக்கு வற்றக்கூடாது என்பதால், பால் பெருகிய காலத்து நெய்யைப் பால் சுருங்கிய காலத்துக்கென்று காத்து வைக்கும் சுமை முழுவதும் இடையன் தலையில் விழுந்தது. அவன் தவறினால் என்ன செய்வது என்பதையும் யோசித்திருக்கிறார்கள்: தஞ்சைச் சாசனங்களில் இடையனுடைய பெயரோடு அவனுக்குப் பிணையாக நின்ற உற்றார் உறவினரின் பெயர்களும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. புதுப்பித்துக்கொள்ளத்தக்க மூலதனம், பருவத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் சேமிப்பு, பொறுப்புக்குப் பெயர் சொல்லக்கூடிய பிணையாளி ஆகிய மூன்றும் சேர்ந்ததே அக்காலத்து ஒரு விளக்கு. அந்த மந்தைகளின் அருமையை அறிய வேண்டுமானால் திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வட்டாரத்துக்குப் போனால் போதும். ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரர்களுக்கு எடுத்த பல்லவர் காலத்து நடுகற்கள் அங்கே வயல்வெளிகளில் ஏராளம். எண்ணெய்க் கிணறுகளுக்காக யுத்தம் செய்வது நம் யுகத்தின் புதுமையென்று நினைப்பவர்கள் அந்தக் கற்களை ஒருமுறை பார்த்து வரலாம்.

சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று உறுதி கூறி வைத்த அந்த விளக்குகளில் மிகப் பல, வம்சங்கள் மாறி, மேய்ச்சல் நிலம் போய், மந்தைகள் கலைந்தபோது அணைந்துவிட்டன. அணைந்தபோது நேர்ந்த நஷ்டம், ஒரு மாடத்தில் இருள் சேர்ந்தது என்ற அளவோடு நின்றது. இதைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

தனி விளக்குகள் போனாலும் மலைமேல் ஏற்றும் தீபம் போகவில்லை. கார்த்திகைத் தீபத் திருநாளன்று அதிகாலை நான்கு மணிக்குச் சந்நிதியில் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் சில நிமிஷ நேரமே வெளிவந்து காட்சி கொடுக்க, அதே கணத்தில் 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகாதீபம். கொப்பரையையும் நெய்யையும் மேலே கொண்டுபோய்த் தீபத்தை ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருக்குப் பரம்பரையாக உரியது. இக்காலத்தில் சுமார் 3,500 கிலோ நெய்யும் ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணித் திரியும் செலவாகி, தீபம் பதினொரு நாள் எரிகிறது. எரிந்து முடிந்த பிறகு கொப்பரையில் சேர்ந்த மையை எடுத்துப் பக்குவம் செய்து, மார்கழித் திருவாதிரையில் நடராஜப் பெருமானுக்குச் சாத்திய பின்னர் பக்தர்களுக்குப் பிரசாதமாக வழங்குகிறார்கள். எரிபொருளின் எச்சம் மனிதன் நெற்றிக்கு ஏறுகிறது.

இந்த நெய்யின் உஷ்ணத்தை நவீன அளவையில் போட்டுப் பார்த்தால் ஒரு விசித்திரமான விடை வருகிறது. ஒரு கிலோ நெய் எரிந்தால் ஏறக்குறைய பத்தரை யூனிட்டுக்குச் சமமான வெப்பம் கிடைக்கும். ஆகவே 3,500 கிலோ நெய்யிலிருந்து சுமார் 36,750 யூனிட். கல்பாக்கத்தில் உள்ள 220 மெகாவாட் அணு உலை ஒன்று முழு வேகத்தில் ஓடினால் இத்தனை யூனிட் மின்சாரத்தைப் பத்தே நிமிஷத்தில் தந்துவிடும். அவ்வளவு வெப்பத்தை மட்டும் உண்டாக்குவதானால் கால் கிலோவுக்கும் குறைவான இயற்கை யுரேனியம் போதும். பதினொரு நாள் மகாதீபத்தைப் பத்து நிமிஷத்துக்குள் அடக்கிவிடும் ஒரு சக்தியைக் கண்டு ஒரு தலைமுறையே மெய்ம்மறந்து நின்றதில் வியப்பில்லை. அந்த மயக்கத்தை ஏளனம் செய்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நெய்க்கும் யுரேனியத்துக்கும் நடுவே மண்ணெண்ணெயின் காலம் ஒன்று கழிந்தது. அதைப் பற்றி விரிக்க ஒன்றுமில்லை. மின்சாரத்தின் கதைக்கு வருவோம். வடஆர்க்காட்டு ஏழைகளில் பலர் மின்சார விளக்கை முதன்முதலாகக் கண்டது சொந்த ஊரிலன்று, மைசூர் சமஸ்தானத்துக் கோலார் தங்கவயலில் என்று ஊகிக்க இடமிருக்கிறது. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே நடத்திய சுரங்கங்களுக்கு ஆட்கள் பெரும் பகுதி தமிழ் ஜில்லாக்களிலிருந்தே போனார்கள். பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வடஆர்க்காட்டிலிருந்து போனவர்கள் அவர்களில் கணிசமானவர்கள். அந்தச் சுரங்கங்களுக்கென்றே 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின் நிலையம் அமைத்து, சுமார் 92 மைல் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அன்றைய உலகத்தில் அது மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று. தண்ணீர் விழுகிற சக்தியால் தங்கம் வெட்டிய அந்தத் தங்கவயல் நம் கதையில் இன்னொரு முறை தலைகாட்டும்.

சென்னை ராஜதானியில் 1932ஆம் ஆண்டு நீலகிரியின் பைகாரா நிலையம் வேலை தொடங்கியபோது அதன் ஆரம்ப சக்தி சுமார் 20 மெகாவாட். 1934இல் மேட்டூர் அணை முடிந்து, 1937இல் அதனடியில் மின் உற்பத்தி ஆரம்பமாகி, சேலத்தையும் அதனை அடுத்துள்ள ஜில்லாக்களையும் நோக்கிக் கம்பிகள் புறப்பட்டன. 1957 ஜூலை முதல் தேதி மின்சார வாரியம் ஏற்பட்ட பிறகு கிராமங்களுக்கு மின்சாரம் போன வேகம் இந்தியாவிலேயே முதன்மையானது. அதன் பலனைத் திருவண்ணாமலைச் சீமையைப்போல் வேறு எங்கும் தெளிவாகக் காண்பது அரிது. ஜீவநதி இல்லாத அந்த வேர்க்கடலைச் சீமையில் விவசாயம் முழுவதும் கிணற்றை நம்பியது. மாடுகள் சரிவில் இறங்கிப் பின்னோக்கி நடந்து ஏறும் கவலை இறைப்பு இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஏறக்குறைய மறைந்து, கிணற்றுமேட்டில் மோட்டார் கொட்டகை எழுந்தது. 1990இல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாகிய பின், கிணறு ஆழ்குழாயாயிற்று. ஆழ்குழாய் மேலும் ஆழமாயிற்று. மும்முனைக் கரண்ட் எத்தனை மணிக்கு வரும் என்பதே அங்கே பஞ்சாங்கத்தின் ஸ்தானத்தை வகிக்கிறது. பைகாராவில் 20 மெகாவாட்டில் தொடங்கிய அரசு மின் உற்பத்தியின் வாரிசான தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டிற்று என்றால், விவாதம் ஏன் இவ்வளவு சூடாக நடக்கிறது என்பது விளங்கும்.

திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே, நேர்கோட்டில் சுமார் 125 கிலோமீட்டரில், வங்கக் கடலோரம் கல்பாக்கம். ராஜஸ்தானில் கனடா தேசத்தின் உதவியோடு தொடங்கிய கனநீர் உலை முறையை, 1974 பொக்ரான் வெடிப்புக்குப் பிறகு அந்த உதவி நின்றுபோன நிலையில், நம்மவர்கள் தாமாகவே கட்டி முடித்த இடம் அது. முதல் உலை 1983 ஜூலையில் தொடர்வினையை எட்டி, 1984 ஜனவரி முதல் வர்த்தக ரீதியில் மின்சாரம் தந்தது. இரண்டாவது உலை 1986இல் சேர்ந்தது. ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் முடிவில் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள தோரியமே எரிபொருளாகி, நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் பிறரை அண்டாத நிலை வருமென்பது அதன் பின்னே நின்ற கனவு. அந்தக் கனவைக் கண்டவர்கள் தேசாபிமானிகள் என்பதில் ஐயமில்லை. புகையின்றி, பருவத்தைப் பாராமல், நிலம் அதிகம் கேளாமல் இரவும் பகலும் எரியும் நந்தாவிளக்கைத்தான் அவர்கள் தேடினார்கள்.

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பயனான கூடங்குளத்து உலைகள் வேறுவிதமான காலத்தில் பிறந்தன. சோவியத் தேசம் கலைந்து திட்டம் தூங்கி, 2002இல் கட்டுமானம் தொடங்கி, முதல் உலை முடிகிற தறுவாயில் 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் விபத்து நேர்ந்தது. இடிந்தகரையில் மீனவ மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்துல் கலாம் நேரில் வந்து பார்த்து உலை பாதுகாப்பானதென்றார். 2011 செப்டம்பரில் மக்களின் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்த வேண்டுமென்று தீர்மானித்த தமிழக அமைச்சரவை, 2012 மார்ச்சில் வேலை தொடரட்டும் என்றது. அந்த ஆறு மாத காலத்தில் உள்மாவட்டங்களில் மின்வெட்டு நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேலும் நீண்டதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த மாற்றத்தை வாசிக்க வேண்டும். இருட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் கதிர்வீச்சைப் பற்றித் தர்க்கம் செய்வது எளிதன்று. வடஆர்க்காட்டு விவசாயிக்குக் கரண்ட் வேண்டும். அதன் அபாயம் இடிந்தகரை மீனவனுக்கு. இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பேசிய அரசியலை நாகரிகமானதென்று நம்மால் சொல்ல முடியவில்லை.

விபத்தைப் பற்றிய அச்சத்தைவிட எச்சத்தைப் பற்றிய கேள்வியே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. எரிந்த யுரேனியத்தில் விளையும் புளூட்டோனியத்தின் வீரியம் பாதியாகக் குறைவதற்கே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். அதைப் பிரித்தெடுத்து மீண்டும் எரிபொருளாக்கலாம் என்பதும், மிஞ்சியதைக் கண்ணாடியாக உருக்கி அடைக்கலாம் என்பதும் வாஸ்தவமே. கல்பாக்கத்தில் அந்த வேலை நடக்கிறது. ஆயினும் கண்ணாடியையும் ஓரிடத்தில் வைத்தாக வேண்டும். 2013 மே 6ஆம் தேதி கூடங்குளம் வழக்கில் உலைக்கு அனுமதி தந்த சுப்ரீம் கோர்ட்டே, எரிந்த எரிபொருளைப் பூமியின் ஆழத்தில் நிரந்தரமாக வைப்பதற்கான இடத்தை விரைவில் ஏற்படுத்த வேண்டுமென்று உத்தரவுகளில் ஒன்றாகச் சேர்த்தது. சோழன் இடையனிடம் கேட்ட பிணையை நீதிபதிகள் அணுசக்திக் கழகத்திடம் கேட்டார்கள்.

அந்தப் பிணைக்கு முதலில் அகப்பட்ட பெயர் எது தெரியுமா? திருவண்ணாமலைக்கு வடமேற்கே சுமார் 120 கிலோமீட்டரில் உள்ள அதே கோலார் தங்கவயல். 2012 நவம்பரில் அவ்வழக்கில் அரசுத் தரப்பு, கைவிடப்பட்ட அந்தச் சுரங்கங்களைக் குறித்துப் பிரஸ்தாபித்தது என்ற செய்தி வெளிவந்ததும் தங்கவயலில் கிளர்ச்சி மூண்டது. அப்படி ஓர் உத்தேசமில்லை என்று அரசாங்கம் பின்வாங்கிற்று. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம்போன அந்தக் குழிகளை வெட்டியவர்களின் பேரர்கள், 2001இல் சுரங்கத்தை மூடியபோது வேலையையும் இழந்து, தூசியால் கெட்ட நுரையீரலோடும் மலையாய்க் குவிந்த சயனைடு மண்ணோடும் வாழ விடப்பட்டவர்கள். தங்கம் போன பிறகு எஞ்சிய வெற்றுக் குழிக்குள் ஊராருடைய எச்சத்தையும் இறக்க நினைத்த யோசனை, நம் நிர்வாகம் பொறுப்பை எந்தத் திசையில் தள்ளும் என்பதற்கு நல்ல திருஷ்டாந்தம்.

இந்த இடத்தில் அண்ணாமலையாரின் ஒரு வழக்கம் நினைவுக்கு வருகிறது. 14ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்குப் பிள்ளையில்லை என்றும், இறைவனே அவனுக்குப் பிள்ளையாக வந்தான் என்றும் ஸ்தல வரலாறு கூறும். அதனால் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் வல்லாள மகாராஜனுக்குத் திதி கொடுக்கிறார். கடமையைச் செய்ய மனிதரில் வாரிசு அற்றுப்போனால், அது அற்றுப்போகாதவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு ஒரு ராஜாவின் திதியைக் காப்பாற்றவே ஒரு தெய்வம் வேண்டியிருக்கிறது. 24,000 ஆண்டுக்கு எந்த அரசாங்கம், எந்தக் கழகம் பிள்ளையாக நிற்கும்? விளக்கு நிபந்தம் முறிந்தபோது மாடம் இருண்டதோடு சரி. இந்த நிபந்தம் முறிந்தால் அப்படி முடியாது.

ஆகவே காற்றும் வெயிலும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோக நமக்கும் ஆசைதான். அதற்கான ஆதாரங்களும் பலமானவை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பின்னர் வானிலைத் துறையில் பேர்பெற்ற அன்னா மாணி அம்மையார், 1980இல் இந்தியாவின் சூரிய வெப்பத்தையும் சில ஆண்டுகளில் காற்றின் வேகத்தையும் ஊர் ஊராக அளந்து அட்டவணைகளாக வெளியிட்டார். ஆரவாரமில்லாத அந்த எண்களின் மேல்தான் நம் காற்றாலைகள் நிற்கின்றன. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சிறு இயந்திரங்களோடு தொடங்கிய வேலை, ஆரல்வாய்மொழிக் கணவாயின் முப்பந்தல், செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய் என்று பரவி, இன்று தமிழ்நாட்டில் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. 2016இல் ராமநாதபுரத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்றே எழுந்தது. கூடங்குளத்து ஓர் உலைக்கு ஒப்பந்தத்திலிருந்து மின்சாரம்வரை கால் நூற்றாண்டு ஆன அதே காலத்திலும் அதை அடுத்த சில ஆண்டுகளிலும் இவ்வளவும் நடந்தது என்பதை அணுசக்தி அன்பர்கள் மறுக்க முடியாது.

நாம் மறுக்க முடியாத அவர்களுடைய ஆட்சேபம் ஒன்றும் இருக்கிறது. அதைத் திருவண்ணாமலையில் நின்று பார்த்தால் கண்கூடு. கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவாய்களில் காற்று வீசும் பருவம் வைகாசியில் தொடங்கிப் புரட்டாசியோடு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. வடகிழக்குப் பருவ மேகம் பகலிலேயே வெயிலை மறைத்திருந்தது. இப்போது சூரியனும் அஸ்தமித்தாயிற்று. லட்சக்கணக்கான ஜனங்கள் திரண்டிருக்கும் கிரிவலப் பாதை முழுவதும் விளக்கெரிய வேண்டும். குடிநீர்க் குழாய் ஓட வேண்டும். அந்த மாலையில் நெய்வேலியும் பிற அனல் நிலையங்களும், மழையால் நிரம்பிய அணைகளும், அணு உலைகளுமே ஊரைத் தாங்குகின்றன. இதற்கு நேர்மாறாக ஆடி மாதத்துக் காற்றில் மின்சாரம் பெருகி, வாங்கிக்கொள்ள வழியின்றிக் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லிய நாட்களும் உண்டு. ஆட்டுப்பால் பெருகும் காலத்தில் நெய் உருக்கி வைக்கத் தெரியாத இடையனுக்குக் கோயில் நிபந்தத்தை எவரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மின்சாரத்துக்கு நெய் உருக்கும் வித்தை நமக்கு முற்றும் புதிதுமன்று. ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980களின் பிற்பகுதியிலிருந்து, மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரைக் கீழேயிருந்து மேலணைக்கு ஏற்றி, வேண்டிய வேளையில் திரும்ப இறக்கி 400 மெகாவாட்வரை தரும் திறமுடையது. நீலகிரியில் போர்த்திமந்து, அவலாஞ்சி, எமரால்டு ஏரிகளைக் கொண்டு 500 மெகாவாட்டுக்கு அதே வகையான குந்தா திட்டம் வகுக்கப்பட்டது. 20,000 மெகாவாட் கேட்கிற நாட்டுக்கு ஒரு காடம்பாறையும் ஒரு குந்தாவும் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் இந்தக் குறையைப் பணமும் உழைப்பும் பத்திருபது ஆண்டுகளில் தீர்க்கும். யுரேனிய எச்சத்தின் குறைக்கு அத்தகைய தவணை கிடையாது. கட்டிய உலைகளை அவற்றின் ஆயுள் உள்ளவரை ஒழுங்காக ஓட்டுவதற்கு நாம் விரோதியல்ல; ஏற்கெனவே பிறந்துவிட்ட எச்சத்துக்குக் காவல் போட வேண்டிய பொறுப்பிலிருந்து உலையை மூடினாலும் தப்ப முடியாது. புதிய உலைக்குக் கையெழுத்திட வருகிறவர்கள் மட்டும், சுப்ரீம் கோர்ட்டு கேட்ட அந்த இடத்தின் பெயரையும், அதற்குச் சம்மதித்த ஊராரின் பெயரையும் முதலில் எழுதிக் காட்டட்டும். அதுவரையில் மேலே ஓர் ஏரியும் கீழே ஓர் ஏரியும் வெட்டத்தக்க மலைச்சரிவுகளைத் தேடி, காட்டுக்கும் மலைக்குடிகளுக்கும் கேடு வராத இடங்கள் எவையென்று நிர்ணயிக்கும் வேலையில் பொறியாளர்களை ஈடுபடுத்தலாம்.